வெண்கலத்தில் வாழ்ந்த விலங்குகள்

நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு நண்பர்கள் கேட்டபோது, "கவிதையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறீர்கள், நான் பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். சிரித்தார்கள். ஆயினும் பாத்திரத்தின் வரலாறும் பாட்டின் வரலாறும் ஓரிடத்தில் சந்திக்கின்றன என்பதைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

நன்னிலத்தை அடுத்த எங்கள் சிற்றூர் வீட்டின் கூடத்தில், உத்தரத்திலிருந்து இறங்கிய சங்கிலியில் ஒரு வெண்கலப் புறா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் காலடியில் ஓர் அகல் இருந்தது. புறாவின் முதுகில் உள்ள சிறு மூடியைத் திறந்து வயிறு நிறைய எண்ணெய் ஊற்றுவார் அப்பாயி. அகலில் எண்ணெய் நிறைந்திருக்கும்வரை புறாவின் மார்புக்குக் கீழே உள்ள துளையை அந்த எண்ணெயே அடைத்துக்கொண்டிருக்கும். காற்று உள்ளே புக வழியில்லாததால் வயிற்று எண்ணெய் இறங்காது. திரி எரிந்து எண்ணெய் தாழ்ந்ததும் துளை திறக்கும், காற்று உட்புகும், நாலைந்து சொட்டு எண்ணெய் விழும், மீண்டும் அடைபடும். இரவு முழுவதும் யாரும் எழுந்து எண்ணெய் விட வேண்டியதில்லை. "புறா குடித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கக்குகிறது" என்பார் அப்பாயி. பௌதிகப் பாடத்தில் காற்றழுத்தம் பற்றிப் படித்தபோது எனக்கு அந்தப் புறாதான் நினைவுக்கு வந்தது.

1972ஆம் ஆண்டு, அப்பாயி மறைந்தபின், பாகப்பிரிவினை நடந்தது. நிலத்தையும் வீட்டையும் பிரித்தார்கள். புறாவைப் பிரிக்க இயலவில்லை. ஆகவே பாத்திரக் கடைத் தராசில் ஏற்றினார்கள். தட்டில் புறா தலைகீழாகக் கிடந்தது. எடைக்கு எடை பேசி, எவர்சில்வர் குடங்களும் தட்டுகளும் வந்தன. வெண்கலத்துக்கு விலை கிடைத்தது. புறாவாக இருந்ததற்கு விலை ஏதுமில்லை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. புறா போன இடம் உலை என்பது எனக்குத் தெரியும். அந்த வயதில் அது பெரிதாகத் தோன்றவில்லை. இன்று, தமிழகத்தில் விலங்கும் பறவையுமாக வார்க்கப்பட்ட வெண்கலங்கள் எவை மிஞ்சின, எவ்வாறு மிஞ்சின என்று தேடும்போதுதான் அந்தத் தராசு கண்முன் நிற்கிறது.

மண் காத்தவை

நமக்குத் தெரிந்த மிகப் பழைய விலங்கு வெண்கலங்கள் காவிரிக் கரையில் கிடைத்தவை அல்ல. தாமிரபரணிக் கரையில் கிடைத்தவை. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஆற்றின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூர்ப் பரம்பு 114 ஏக்கர் பரப்புள்ள ஈமக்காடு. 1876இல் ஜெர்மானியரான யாகோர் என்பவர் இங்கே தோண்டி, கிடைத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். 1899 முதல் சில ஆண்டுகள் தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ முறையாக அகழ்ந்தார். தாழிகளோடு ஆயிரக்கணக்கான பொருள்கள் வெளிவந்தன. அவற்றின் பட்டியலை 1915இல் சென்னை அரசு நூலாக வெளியிட்டது. அப்பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன.

ரீயின் பட்டியலைப் புரட்டுவோர் ஒரு செய்தியைக் கவனிக்காமல் இருக்க முடியாது. வாளும் ஈட்டியும் கோடரியும் இரும்பால் ஆனவை. பாத்திரங்களும் அணிகலன்களும் வெண்கலத்தால் ஆனவை. கொல்வதற்கும் வெட்டுவதற்கும் ஓர் உலோகம், உண்பதற்கும் அழகுக்கும் வேறோர் உலோகம் என்று அக்காலத்தார் பிரித்து வைத்திருந்தனர். அந்த வெண்கலப் பாத்திரங்களின் மூடிகளிலும் தாங்கிகளிலும்தான் விலங்குகள் நிற்கின்றன. வீட்டு விலங்குகளில் எருமை, ஆடு, சேவல். காட்டு விலங்குகளில் புலி, மான், யானை. இவற்றோடு சிறகு விரித்த பறவைகளும் உள்ளன. மூடியைத் தூக்கும் கைப்பிடியாக ஒரு பறவையோ எருமையோ அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். சோற்றுக்கும் பாலுக்கும் கை நீட்டியவரின் விரல்கள் முதலில் தொட்டது ஒரு விலங்கின் முதுகை.

இவை எக்காலத்தவை? 2004-05இல் இந்தியத் தொல்லியல் துறை சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அகழ்ந்தபோது கிடைத்த இரண்டு மாதிரிகளின் கரிமக் காலக் கணிப்பு 2019இல் வெளியாயிற்று, ஒன்று கி.மு. 905, மற்றொன்று கி.மு. 696 என்று கூறப்பட்டது. ரீ எடுத்த ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இக்காலம் பொருந்தும் என்று கொள்ளலாகாது. ஆனால் அந்த ஈமக்காடு எவ்வளவு தொலைவு பின்னே செல்கிறது என்பதற்கு இது அடையாளம். 2023இல் அவ்விடத்திலேயே குழிகளைத் திறந்தபடி காட்டும் அருங்காட்சியகமும் அமைக்கப்பட்டது.

அந்தக் கன்னார்களின் தேர்ச்சி சாதாரணமானதன்று. ஆதிச்சநல்லூர், நீலகிரி ஆகிய இடங்களின் பழங்கிண்ணங்களை ஆராய்ந்த உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன், அவற்றுள் சிலவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பங்கு வெள்ளீயம் கலந்திருப்பதைக் கண்டறிந்தார். வெள்ளீயம் இவ்வளவு மிகுந்தால், வார்த்தபடியே விட்ட வெண்கலம் எளிதில் நொறுங்கும். ஆனால் செம்மையாகக் காய்ச்சி, சூடு ஆறுமுன் அடித்து மெல்லியதாக்கி, தண்ணீரில் தோய்த்துவிட்டால் அது உறுதி பெறும், பொன்னிறம் பெறும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும். இந்தத் தொழில்நுட்பத்தின் வழித்தோன்றல் கேரளத்தில் அண்மைக் காலம்வரை உயிரோடு இருந்ததையும் அவர் பதிவு செய்துள்ளார்.

நீலகிரியிலும் இதே விலங்குக் கூட்டம் உண்டு, மண்ணில் வனையப்பட்டது. அங்கே முதல் ஆணையராக இருந்த பிரீக்ஸ் மலைமேல் இருந்த கற்குவைகளைத் திறந்து பார்த்து எழுதிய நூல் 1873இல் வந்தது. அவர் எடுத்த மட்பாண்ட மூடிகளின் உச்சியில் எருமையும் குதிரையும் பிற உயிர்களும் நிற்கின்றன. வெண்கலமாயினும் மண்ணாயினும், பாத்திரத்தின் தலையில் ஒரு விலங்கை நிறுத்துவது இந்நாட்டின் பழைய வழக்கம்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. 1976இல் சீனத்தின் ஆன்யாங் நகரருகே, கி.மு. 1200ஐ ஒட்டி வாழ்ந்த ஃபூ ஹாவோ என்னும் அரசியின் கல்லறை திறக்கப்பட்டபோது, ஆந்தை வடிவில் வார்த்த வெண்கல மதுக்கலங்கள் கிடைத்தன. திபெத்தியர்களின் தேநீர்க் குடங்களில் மூக்கு மகர வாயாகவும் கைப்பிடி நாகமாகவும் அமைவது இன்றும் காணக்கூடியது. அந்த மகரம் இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு மலையேறிச் சென்ற விலங்கு. நம் கோயில்களின் மகர தோரணத்தில் வாய் பிளந்து நிற்பதும் அதுவே. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் கை கழுவ நீர் வார்க்கும் கலங்களைச் சிங்க வடிவில் வார்த்தார்கள். மும்பை அருங்காட்சியகத்தில் ஜோகேஸ்வரியிலிருந்து கிடைத்த பழைய தொங்குவிளக்கு ஒன்று உள்ளது. அதில் யானையின் உடலே எண்ணெய்க் கலம். எங்கள் வீட்டுப் புறாவுக்கு அந்த யானை உறவுமுறை.

ஆந்தையும் எருமையும் நம் கைக்கு வந்ததற்குக் காரணம் ஒன்றே. அவை இறந்தவரோடு புதைக்கப்பட்டன. உயிரோடிருந்தவர் எவரும் அவற்றைத் திரும்பக் கேட்கவில்லை.

கோயில் காத்தவை

காவிரி நாட்டுக்கு வருவோம். இங்கே வெண்கலம் என்றதும் சோழர் காலத் திருமேனிகளே நினைவுக்கு வரும். அவற்றை வார்க்கும் முறையைச் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் இன்றும் காணலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து உருவத்தைச் செய்வார்கள். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணை முதற்பூச்சாகப் பூசுவார்கள். மெழுகில் நகக்கீறல் இருந்தாலும் அந்த மண் அதைப் படியெடுத்துக்கொள்ளும். பிறகு கனத்த மண்பூச்சு. காய்ந்தபின் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகம் இறங்கும். அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். ஆகவே ஒவ்வோர் உருவமும் ஒற்றைப் பிறவி. மெழுகின் எடையைக் கொண்டு உலோகத்தின் எடையைக் கணிக்கும் முறையை, 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய மானசோல்லாசம் கூறுகிறது. திருமேனியாயின் உட்புறமும் உலோகமாகக் கனமாய் வார்ப்பார்கள். எண்ணெயோ நீரோ கொள்ள வேண்டிய கலமாயின் உள்ளே மண்கரு வைத்துப் பொள்ளலாக வார்க்க வேண்டும். விலங்கு வடிவப் பாத்திரம் இந்த இரண்டாம் வகை. சிற்பியின் கண்ணும் கன்னாரின் கணக்கும் ஒருங்கே வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இவ்வேற்றுமையை அறிந்து எழுதியவை. முதலாம் இராசராசனும் அவன் சுற்றத்தாரும் அதிகாரிகளும் அளித்த அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளை அவை விவரிக்கின்றன. உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கனமாக வார்த்ததா, பொள்ளலாக வார்த்ததா, கை எத்தனை, பீடம் எத்தகையது என்றெல்லாம் கல்லில் பொறித்தார்கள். பொன்னாலான கலங்களை ஆடவல்லான் என்னும் கல்லால் எடையிட்டு எழுதினார்கள். அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று அங்கில்லை. ஆயினும் அவை எவ்வாறு இருந்தன என்று நமக்குத் தெரியும். உலோகம் போனபின்னும் விவரம் நின்றது.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைத் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் காணலாம். திருவெண்காட்டு இடபவாகன தேவர் அங்கே நிற்கிறார். கோலக்கவன் என்பவர் 1011இல் அதை எழுந்தருளுவித்த செய்தி கல்வெட்டில் உள்ளது. சடையைத் தலைப்பாகைபோல் சுற்றி, ஒரு காலை மாற்றி வைத்து, வலக்கையை எதன்மீதோ சாய்த்து நிற்கும் அந்த அழகைக் காண உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். கை சாய்ந்திருப்பது விடையின்மீது, விடையோ இல்லை. 1950களின் தொடக்கத்தில் மண்ணுக்குள்ளிருந்து இறைவன் கிடைத்தார். அவர் சாய்ந்திருந்த விலங்கு கிடைக்கவில்லை. காற்றின்மீது வைத்த அந்தக் கையைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் கூடத்து உத்தரத்தில் மிஞ்சிய கொக்கி என் நினைவுக்கு வருகிறது.

பாட்டு காத்தவை

மூன்றாவதாக ஒரு காப்பிடம் உண்டு. அது நம் வட்டத்தாருக்கு உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் ஊரை ஒட்டி ஒரு காட்சி வருகிறது. நீராடும் மகளிர் கழற்றி வைத்த பொற்குழையை இரையென்று கருதி ஒரு மீன்கொத்தி கவ்விச் செல்கிறது. அது பனைமடலுக்குச் செல்லாமல் அந்தணர் வேள்வித் தூணின் உச்சியில் போய் அமர்கிறது. அப்போது அது யவனரின் ஓதிம விளக்கைப் போலவும் விடிவெள்ளியைப் போலவும் தோன்றுகிறது என்கிறார் புலவர். ஓதிமம் என்பது அன்னம்.

இவ்வுவமையின் திசையைக் கவனிக்க வேண்டும். விளக்கைக் கண்டு 'உயிருள்ள பறவை போன்றது' என்று வியப்பது எளிது. எவரும் அதைச் செய்வர். இப்புலவரோ உயிருள்ள பறவையைக் கண்டு விளக்கை நினைக்கிறார். கேட்போருக்கு விளக்கு அவ்வளவு பழக்கமானதாக இருந்தாலன்றி இவ்வுவமை நிற்காது. கடல் கடந்து வந்த அன்ன விளக்கு அன்றைய தமிழருக்குக் கண்ணெதிரே இருந்த பொருள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நெடுநல்வாடையிலும் யவனர் செய்த பாவை அகலேந்தி நிற்கக் காண்கிறோம். அந்த அரண்மனையின் அந்த விளக்கு இன்று நம்மிடம் இல்லை. உருத்திரங்கண்ணனார் கண்ட ஓதிம விளக்கும் நம்மிடம் இல்லை. உவமை மட்டும் ஏட்டிலிருந்து ஏட்டுக்குத் தாவி, உ.வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டுப் பதிப்பு வழியே 1889இல் அச்சேறி, நம் கைக்கு வந்து சேர்ந்தது.

அந்த அன்னம் இன்று எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால், நம் ஊருக்கு அருகிலேயே விடை உண்டு. நன்னிலத்திலிருந்து மேற்கே குடவாசல் வழியாகக் கும்பகோணம் செல்லும் சாலையில் நாச்சியார்கோவிலைக் கடக்கிறோம். கல்கருடனுக்குப் பெயர் பெற்ற ஊர். குத்துவிளக்குக்கும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பத்தர் குடும்பங்கள் தெற்கே நாகர்கோவில் பக்கமிருந்து வந்தவை என்றும், வார்ப்புக்கு ஏற்ற இவ்வாற்று வண்டலைக் கண்டு இங்கேயே தங்கிவிட்டவை என்றும் வழிவழியாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அடி, தண்டு, அகல்தட்டு, பிரபை என்று பகுதி பகுதியாக வார்த்து, கடைசல் பிடித்து, திருகிப் பொருத்துகிறார்கள். உச்சியில் உள்ள பிரபையில் பெரும்பாலும் அன்னம் அமர்ந்திருக்கும். அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. யவனர் அன்னத்துக்கும் நாச்சியார்கோவில் அன்னத்துக்கும் நேர்வழி உறவு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. இடையில் பல நூற்றாண்டுகள் இருட்டாக உள்ளன. விளக்கின் உயரத்தில் ஒரு பறவை இருக்க வேண்டும் என்று தமிழர் மனம் விரும்பியது மட்டும் இருபுறமும் தெரிகிறது.

வீடு காக்காதவை

இருட்டாக உள்ள அந்த நூற்றாண்டுகளில் வீடுகளில் என்ன இருந்தது? எங்கள் புறாவைப் போன்றவை இருந்தன. யானை சுமந்த விளக்கு, கிளி வடிவக் குங்குமச் சிமிழ், யாளி வாய் வைத்த நீர்க்கலம் எனப் பழைய குடும்பங்களில் எஞ்சியவற்றை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அவை புதைக்கப்படவில்லை, இறந்தவரோடு அனுப்பாமல் மருமகளுக்குக் கொடுத்தார்கள். கோயில் பண்டாரத்தில் சேரவில்லை. ஆகவே கல்லில் ஏறவில்லை. அன்றாடம் புழங்கியதால் பாட்டிலும் அதிகம் ஏறவில்லை. வெண்கலமோ மண்ணைப் போன்றதன்று. உடைந்த பானை ஓடாக மண்ணில் கிடக்கும். உடைந்த வெண்கலம் உலைக்குத் திரும்பும். ஒவ்வொரு தலைமுறையின் பாத்திரமும் அடுத்த தலைமுறைப் பாத்திரத்தின் மூலப்பொருள் ஆயிற்று. கலியாணத்துக்குப் பழைய பாத்திரத்தைப் போட்டுப் புதியது எடுப்பது எக்காலத்தும் நடந்ததே. அதில் குற்றம் இல்லை. உருகிய அன்னம் மறுபடியும் ஓர் அன்னமாகவேனும் வந்தது.

நம் காலத்தில் அந்தச் சங்கிலி அறுந்தது. 1960களிலும் 70களிலும் எவர்சில்வர் வீடுதோறும் புகுந்தது. துலக்கப் புளி வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், களிம்பு ஏறாது. பெண்களின் கைவலியைக் குறைத்த அந்த உலோகத்தை நான் பழிக்க மாட்டேன். அப்பாயி கூடம் முழுவதும் பாத்திரங்களைப் பரப்பிப் புளி போட்டுத் தேய்த்த சனிக்கிழமைகளை நான் பார்த்தவன். ஆனால் எவர்சில்வர் தகட்டை அழுத்திச் செய்யும் பொருள். அதில் புறா பிறக்கவில்லை. வீட்டு வெண்கலம் உலைக்குப் போனபோது விலங்குகளும் போயின, திரும்பி வரவில்லை. நம் வீடுகளில் இருந்தவற்றுள் எத்தனை வடிவங்கள் அழிந்தன என்று எண்ணிச் சொல்ல ஒரு பட்டியலும் இல்லை. ஆதிச்சநல்லூர் எருமை மூடிக்குப் பட்டியல் உண்டு. நம் பாட்டியின் விளக்குக்கு இல்லை.

நண்பர்களே, நம் வட்டம் இந்தப் பத்தாண்டுகளில் கவியரங்குகள் பல கண்டது. பதினோராம் ஆண்டில் ஒரு சிறு பணியையும் சேர்த்துக்கொள்வோம் என்று வேண்டுகிறேன். நம்மில் ஒவ்வொருவர் வீட்டுப் பரணிலும் ஒரு சாக்கு இருக்கும். அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். விலங்கோ பறவையோ இருந்தால், இராசராசன் கல்வெட்டு எழுதியவர்கள் செய்ததைச் செய்யுங்கள். உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு, கனமா பொள்ளலா, எந்த நாளில் ஏற்றினார்கள், எவர் கொண்டுவந்த சீர் என்று ஒரு தாளில் எழுதுங்கள். முக்கியமாக, வீட்டில் அதை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று முதியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். உலோகம் உருகினால் பெயரும் உருகிவிடும். படம் எடுத்து ஒட்டுங்கள். அதன்பின் விற்பதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். நம் வட்டத்து அலமாரியில் அத்தாள்கள் ஒரு கட்டாகச் சேர்ந்தால், இருபதாம் ஆண்டு மலரில் இக்கட்டுரையை எழுதுபவருக்கு என்னைப்போல் தடுமாற்றம் இராது.

என் தடுமாற்றம் இதுதான். இக்கட்டுரைக்காக எங்கள் வீட்டுப் புறாவைப் படமாக வரைந்து பார்க்க முயன்றேன். சங்கிலி நினைவிருக்கிறது. முதுகு மூடியின் சிறு பிடி நினைவிருக்கிறது. அகலின் ஐந்து முகங்களும் நினைவிருக்கின்றன. ஆனால் புறாவின் தலை நேராகப் பார்த்ததா, திரும்பிப் பார்த்ததா? திரும்பி வாசலைப் பார்த்தது என்கிறார் என் அண்ணன். நேராகத்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. தீர்த்துச் சொல்ல அப்பாயி இல்லை. எங்கள் இருவருக்கும் பின்னர் அப்படி ஒரு புறா இருந்தது என்று சொல்லவும் இந்தப் பக்கத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை.